தளவாய் கூட்டி வந்த சாட்சி

முல்லைக்கோட்டை ராஜா திம்மப்பருக்கு ஒரு மைத்துனர். பெயர் வரதப்பர், பதவி தளவாய். கண்ணில் பட்டதெல்லாம் தன்னுடையது என்று நம்புகிறவர். கீரைத்தோட்டம் வைத்துப் பிழைக்கும் பேச்சியின் கிணறு அவர் கண்ணில் பட்டது. மறுநாளே சுற்றி வேலி.

பேச்சி சபைக்கு ஓடப்போகிறாள் என்று தெரிந்ததும், தளவாய் விகடகவி கூத்தபிரானைக் கூப்பிட்டார். "ஓய், நாளைக்கு உம்ம வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அரண்மனைச் சோறு கிடையாது."

கூத்தபிரான் தலையாட்டிவிட்டார். ஆட்டிய நேரத்திலிருந்து நெஞ்சுக்குள் என்னவோ குறுகுறுத்தது.

சபையில் பேச்சி அழுதாள். "எங்க பாட்டன் வெட்டுன கிணறு, மகாராசா!"

"சாட்சி உண்டா?" என்றார் ராஜா.

ஊர்க்காரர்கள் தளவாயின் மீசையைப் பார்த்தார்கள். பிறகு தரையைப் பார்த்தார்கள்.

"எனக்கு உண்டு," என்று தளவாய் மார்பைத் தட்டினார். "என் மனசாட்சி! கிணறு என்னுடையது என்று அது சொல்கிறது."

ராஜாவுக்கு அப்பாடா என்றிருந்தது. மைத்துனரைப் பகைத்துக்கொண்டால் அந்தப்புரத்தில் யார் பதில் சொல்வது? "மனசாட்சியை விடப் பெரிய சாட்சி ஏது? ஆகவே..."

பேச்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குமேல் கூத்தபிரானால் பொறுக்க முடியவில்லை. சோறு போனால் போகிறது என்று எழுந்தார்.

"மகாராஜா, சாட்சியை விசாரிக்க வேண்டாமா? தளவாய் வெளியே போகட்டும். சாட்சி இங்கேயே இருக்கட்டும்."

தளவாய் சிரித்தார். "பைத்தியமா உமக்கு? பிறந்ததிலிருந்து அது என்னை விட்டுப் பிரிந்ததே இல்லை."

"போன வருஷம் அரண்மனை நெல்லை மூட்டை மூட்டையாக உங்கள் வீட்டுக்குக் கடத்தினீர்களே, அப்போதும் கூடவே இருந்ததா?"

தளவாய் சட்டென்று ராஜா பக்கம் திரும்பினார். "அதைத்தான் மகாராஜா மன்னித்துவிட்டாரே!"

"உங்களைத்தானே மன்னித்தார்? சாட்சி இருந்ததா, இல்லையா?"

"இருந்தது."

"தடுத்ததா? அரண்மனைக்கு வந்து சொன்னதா?"

"இல்லை..."

"மகாராஜா, திருட்டைப் பார்த்துக்கொண்டே வாய்மூடி நின்ற சாட்சிக்கு நம் ஊரில் என்ன தண்டனை?"

"ஆறு மாதம் பாதாளச் சிறை," என்றார் ராஜா யோசிக்காமல்.

"காவலரே, சாட்சியைப் பிடியுங்கள்! அது தளவாயை விட்டுப் பிரியாதாம். அவரையும் சேர்த்தே கொண்டுபோங்கள்."

ஈட்டிகள் நெருங்கின. தளவாய் தலைப்பாகை அவிழ அலறினார். "ஐயோ, விடுங்கள்! எனக்கு மனசாட்சியே கிடையாது! சத்தியமாகக் கிடையாது!"

சபை அதிரச் சிரித்தது. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வேலியை அன்றைக்கே பிடுங்கச் சொன்னார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரானுக்குப் போட்டார்.

"அது சரி, தனக்கு மனசாட்சி இல்லை என்கிறாரே. இதற்கு யார் சாட்சி?"

"இதற்குச் சாட்சி எதற்கு, மகாராஜா?" என்றார் கூத்தபிரான். "தளவாய் இன்றைக்குத்தான் முதல்முறையாக உண்மை பேசியிருக்கிறார்."