நாண் ஒலிக்கு விழுந்த கவுதாரி

முன்னொரு காலத்திலே முகில்குன்ற நாட்டைக் கார்வேந்தன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் கொடுத்த யானையை மத்தியானம் திருப்பிக் கேட்கிற ராஜா.

அவனுடைய மைத்துனன் வீரகேது. குன்றில் கண்ணி வைத்துக் காடை, கவுதாரி பிடிக்கிற நஞ்சி என்ற பெண்ணின் கெட்டிக்காரத்தனத்தை ராஜா சபையில் இரண்டு தரம் புகழ்ந்துவிட்டான். வீரகேதுவுக்கு வயிறு எரிந்தது.

"மகாராஜாவின் வில் இருக்கக் கண்ணிக்காரர்கள் எதற்கு? பத்து அம்புக்குப் பத்தும் விழுந்தால் குன்றில் இருக்கிற அவர்கள் முப்பது குடியையும் கீழே இறக்கிவிடலாம்" என்றான்.

"ஆகட்டும்" என்றான் ராஜா. வழிகாட்ட நஞ்சியையே கூட்டிப் போனார்கள்.

குன்றிலே மூடுபனி. நீட்டின கை தெரியவில்லை. புதரில் ஏதோ கத்தியது; ராஜா குத்துமதிப்பாக அம்பை விட்டான். "விழுந்தது" என்றான் வீரகேது. அவன் ஆள் பனிக்குள் ஓடி, கிளியிறகு கட்டிய அரச அம்பு தைத்த கவுதாரியோடு வந்தான்.

இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவதும். ஐந்தாவதை விடும்போது ராஜாவுக்குத் தும்மல் வந்து, அம்பு ஆகாயத்துக்குப் போயிற்று. வந்தது ஒரு முயல்.

"நான் மேலே அல்லவா விட்டேன்?"

"முயல் துள்ளியது, மகாராஜா."

"அவ்வளவு உயரமா?"

"மலை முயல்."

ராஜாவுக்குத் தலை சுற்றியது. நம்ப ஆசை; நம்பவும் முடியவில்லை. ஏழாவது அம்பு பாறையில் 'டங்'கென்று மோதியதை அவனே கேட்டான். அதற்கும் ஒரு காடை வந்தது. நான் உண்மையிலேயே பெரிய வில்லாளியோ? அப்படியானால் பாறை ஏன் சத்தம் போட்டது?

ஒன்பது முடிந்தது.

"என்ன நஞ்சி, மூட்டை கட்டிவிட்டாயா?" என்றது பனிக்குள்ளிருந்து வீரகேதுவின் குரல்.

"கட்டறேன் சாமி. அவசரம்னா நீங்க முன்னால இறங்குங்க" என்று வெடித்தவள், ராஜாவின் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினாள். "பத்தாவதுக்கு அம்பே வேண்டாம் சாமி. நாணை மட்டும் சுண்டுங்க."

"அம்பில்லாமல் எது விழும்?"

"அதத்தான் நானும் பாக்கணும்."

ராஜா சுண்டினான். 'விண்'.

"விழுந்தது" என்றான் வீரகேது. ஆள் ஓடினான். அரச அம்பு தைத்த கொழுத்த கவுதாரியோடு வந்தான்.

ராஜா பறவையைப் பார்த்தான். அம்பறாத்தூணியிலேயே கிடந்த பத்தாவது அம்பை உருவிப் பார்த்தான். மறுபடி பறவையைப் பார்த்தான்.

"மைத்துனா, இது எதனால் செத்தது?"

"நாண் ஒலி கேட்ட பயத்தில், மகாராஜா."

"செத்த பிறகு தானே அம்பைக் குத்திக்கொண்டதோ?"

ஆள் தடாலென்று ராஜாவின் காலில் விழுந்தான். எல்லாம் நேற்றுச் சந்தையில் வாங்கி, அரண்மனை அம்பைக் குத்தி வைத்தவை; புதருக்குப் பின்னால் கூடையில் இன்னும் இரண்டு மிச்சம்.

"அந்தக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கடைத்தெரு வழியாக நட" என்றான் ராஜா மைத்துனனிடம். பிறகு நஞ்சியிடம் மெல்லக் கேட்டான்: "உள்ளதைச் சொல். இன்று நான் எதைத்தான் அடித்தேன்?"

"குன்றை அடிச்சீங்க சாமி. ஒன்பதும் அதுமேலதான் பட்டுது. ஒண்ணுகூடத் தப்பல."

ராஜா விழித்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பாதிக் குன்று உனக்குப் பரிசு."

"முழுக் குன்றுல குடியிருக்கோம். பாதியக் குடுத்தா அது பரிசா சாமி, பிடுங்கலா?"

ராஜா யோசித்தான், அவனுக்கு மறுபடி குழம்பியது. முழுக் குன்றும் முப்பது குடிக்கே என்று அங்கேயே ஓலை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினான்.

அவர்கள் மேலே சுகம்; நாம் கீழே சுகம்.