எதிர்த்துப் பேசும் கம்பி

வஹிதாவின் பட்டறையில் ஒலிப்பெட்டி வேலை கற்க வந்தவர்களில் வயதில் மூத்தவன் சற்குணம். குருவைவிடப் பத்துப் பதினைந்து வயது கூடுதல். கோபத்தில் அவனுக்கு ஈடு அங்கே யாரும் இல்லை.

அன்று காலை வீட்டுப் பெட்டிகளையெல்லாம் அள்ளிவந்து மேஜைமேல் இறக்கினான்.

"ஏமாத்திட்டான் டீச்சர். கடைக்காரன் சட்டையைப் பிடிக்கப் போறேன். கேளுங்க இதை."

பாட்டு ஓடியது. அதற்கு அடியில், தேன்கூட்டைக் கலைத்துவிட்ட மாதிரி ஓர் உறுமல்.

வஹிதா இணைப்பு வயரின் முனையைக் கழற்றினாள். ஒரு பக்கம் பாட்டை மூன்று கம்பியில் அனுப்பும் புது பிளேயர் பெட்டி. மறுபக்கம் இரண்டே கம்பி வாங்கும் பழைய ஆம்ப்ளிஃபயர்.

"மூணாவது கம்பி எங்கே?"

"வெட்டிட்டேன்."

"ஏன்?"

"ஒண்ணு எர்த், மத்த ரெண்டுல ஒரு கம்பி பாட்டை நேராச் சொல்லும், இன்னொண்ணு அதையே தலைகீழாச் சொல்லும்னு நீங்கதானே சொன்னீங்க? எதிர்த்துப் பேசத் தனியா ஒரு கம்பியா? வீட்டுல ஒருத்தி இருந்தது போதாதா?"

அவன் மனைவி பூங்கொடி சண்டை போட்டுக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போயிருந்தாள். பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். அவனே சொன்னதுதான், தன் பக்க நியாயத்தை மட்டும்.

வஹிதா வெட்டிய கம்பியைப் பற்றவைத்தாள். நடுவில் ஒரு சின்ன இரும்புப் பெட்டியைக் கோத்தாள்.

"இது என்ன?"

"டிரான்ஸ்ஃபார்மர். உள்ளே ரெண்டு சுருள். ஒண்ணு உங்க பெட்டிக்கு, ஒண்ணு ஆம்ப்ளிஃபயருக்கு. ஒண்ணையொண்ணு தொடாது."

"தொடாம பாட்டு எப்படிப் போகும்?"

"போட்டுப் பாருங்க."

போட்டான்.

உறுமல் இல்லை. பாடுகிறவள் மூச்சை இழுப்பது கேட்டது. விரலை விட்டு வீணை நரம்பு பிரிவது கேட்டது. பாட்டுக்குப் பின்னால் இவ்வளவு பெரிய அமைதி இருப்பதே அவனுக்குத் தெரியாது. கையில் மயிர் சிலிர்த்து நின்றது.

"இரைச்சலை யார் எடுத்தது, டீச்சர்?" குரல் தானாகத் தணிந்திருந்தது.

"யாரும் எடுக்கலை. அது ரெண்டு கம்பியிலயும் ஒரே மாதிரி ஏறும். ஒரே மாதிரி வர்றது சுருளைத் தாண்டாது. எதிரும் புதிருமா வர்றதுதான் தாண்டும்."

ஃபோன் அடித்தது. மைத்துனன் தினகரன்.

"அத்தான், அக்கா கிளம்பி வரட்டுமான்னு கேக்குது."

"வரட்டும். ஆனா நான் எது சொன்னாலும் ஆமான்னு சொல்லணும். முடியாதுன்னா அங்கேயே கிடக்கட்டும்."

"இப்படியேவா சொல்லட்டும், அத்தான்?"

வஹிதா தலைகீழ்க் கம்பியைச் சுருளிலிருந்து பிடுங்கினாள். நேராகப் பேசும் கம்பியிலிருந்தே ஒரு துண்டை இழுத்து அந்த முனையிலும் கோத்தாள்.

பாட்டு நின்றது.

சற்குணம் வால்யூமை முழுக்கத் திருகினான். ஒன்றும் வரவில்லை.

"அத்தான், லைன்ல இருக்கீங்களா? அக்கா பக்கத்துலதான் நிக்குது."

அவன் ஃபோனை உள்ளங்கையால் பொத்தினான்.

"டீச்சர், பாட்டு எங்கே போச்சு?"

"சுருளோட ரெண்டு முனையும் இப்ப ஒண்ணுக்கொண்ணு ஆமான்னு சொல்லுது" என்றாள் வஹிதா.