சுவரைப் பார்த்து நின்ற சிங்கம்

இந்தக் கதை என்னுடையது அல்ல. ஒரு போட்டித் தேர்வு மையத்தின் வாசலில், கதவு திறப்பதற்காகக் காத்திருந்தபோது, எனக்கு அடுத்து நின்ற பெண் சொன்னது. நான் பொது அறிவுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். “நம்ம அரசுச் சின்னத்துல எத்தனை சிங்கம்?” என்று கேட்டாள். மூன்று என்றேன். “அப்ப உங்களுக்கும் தெரியாது” என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தாள். அவளுக்கு அவளுடைய சித்தப்பா சொன்னதாம். அவருக்கு யார் சொன்னார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. எந்த ஊர் என்றும் தெரியவில்லை. அதனால் நானாக ஓர் ஊரைச் சேர்க்காமல், கேட்டபடி எழுதுகிறேன்.

ஒரு காலத்தில் ஓர் ஊரில் பெரிய அரசு அலுவலகம் ஒன்று கட்டினார்கள். வாசலில் கார் வந்து நிற்க ஒரு போர்டிகோ. அதன் மேல்தளத்தில் அரசுச் சின்னம் நிற்க வேண்டும். படமாக இல்லை, கல்லில், முழு உருவமாக. முதுகோடு முதுகு ஒட்டி நான்கு சிங்கங்கள். அவற்றின் காலடியில் சக்கரம், காளை, குதிரை. அதற்கும் கீழே, வாய்மையைப் பற்றிய அந்த ஒற்றை வரி, பித்தளை எழுத்துகளில்.

சின்னத்துக்கு ஒரு சாண் பின்னால் முதல் மாடியின் சுவர். சிங்கத்தின் தலைக்குப் பின்னால் ஜன்னல் தெரிந்தால் நன்றாக இருக்காது என்று எஞ்சினியர் நினைத்தார். அதனால் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த அறைக்கு ஜன்னலே வைக்கவில்லை.

சிங்கங்களைச் செதுக்கியவர் ஏகாம்பர ஆசாரி. சிலைக்கு எல்லா வேலையும் முடிந்த பிறகுதான் கண் திறப்பார்கள். முகத்துக்கு நேராக ஒரு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, சின்ன உளியால் கருவிழியைக் கீறுவார்கள். திறந்த கண்ணின் முதல் பார்வை கண்ணாடியில்தான் விழ வேண்டும், ஆள்மேல் விழக் கூடாது என்பது வழக்கம். அப்படி மூன்று சிங்கங்களுக்குக் கண் திறந்தாயிற்று. நான்காவதன் முன்னால் அவர் உட்கார்ந்தபோது எஞ்சினியர் வந்தார்.

“திறப்பு விழாவ முன்னாடியே வெச்சுட்டாங்க ஆசாரியாரே. இன்னிக்கே மேல ஏத்தியாகணும்.”

“ஒரு சிங்கத்துக்கு இன்னும் கண்ணு தொறக்கலீங்களே.”

“எதுக்கு?”

“பின்பக்கம் வர்றதுக்குங்க.”

“சுவத்தப் பாத்து நிக்கப்போற சிங்கத்துக்குக் கண்ணு எதுக்கு? அங்க என்ன சினிமாவா ஓட்டப்போறாங்க?”

வேலையாட்கள் சிரித்தார்கள். ஆசாரியும் சிரித்துவிட்டு உளியைப் பையில் போட்டார். கிரேன் சின்னத்தைத் தூக்கி மேலே வைத்தது.

கீழே இருந்து பார்த்தவர்களுக்கு மூன்று சிங்கங்கள்தான் தெரிந்தன. யாரும் குறை சொல்லவில்லை.

முன்சிங்கத்துக்கு வாசல் முழுவதும் தெரியும். அது பிறந்ததும் முதலில் பார்த்தது தன் முகத்தைத்தான். அதனால் யார் வந்தாலும் அவர்களை அது பார்க்காது. அவர்கள் தன்னைப் பார்க்கிறார்களா என்றுதான் பார்க்கும்.

“இன்று கும்பிட்டவர்கள் நிறையப் பேர்” என்று அது சொல்லும்.

“என் பக்கம் ஒருவர் செல்ஃபி எடுத்தார்” என்று வலச்சிங்கம் சொல்லும்.

“என் பக்கம் சைக்கிள் ஸ்டாண்ட்” என்று இடச்சிங்கம் அலுத்துக்கொள்ளும்.

பின்சிங்கம் எதுவும் சொல்லாது. அதற்குக் கண் இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று கல் இருந்தது. ஆனால் காதுகளை ஆசாரி முழுதாகச் செதுக்கியிருந்தார்.

ஒரு நாள் காலையில் பூங்காவனம் என்ற பெண்ணும் அவள் தம்பி மாசிலாமணியும் வந்தார்கள். ஆற்றில் திருட்டு மணல் அள்ளிய லாரிகளின் நம்பர்களை மாசிலாமணி வெளியே சொல்லிவிட்டான். விசாரணை, பத்தே நிமிஷம், வந்துவிட்டுப் போகலாம் என்று இந்த அலுவலகத்திலிருந்து ஆள் அனுப்பியிருந்தார்கள்.

போர்டிகோவுக்கு முன்னால் நின்று அவன் அண்ணாந்து பார்த்தான்.

“அக்கா, சிங்கம் உன்னையே மொறைக்குது பாரு. என்ன தப்பு பண்ண?”

“உன்னயப் பெத்தவங்க என் தலையில கட்டுனாங்க இல்ல, அதான் தப்பு. சீக்கிரம் வாடா. சோறு ஆறிப்போவும்.”

“ஆறட்டும். கருவாடு வெச்சிருக்க, ஆறுனாதான் ருசி.” சிரித்துக்கொண்டே உள்ளே போனான். அவள் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டு ஓரமாக உட்கார்ந்தாள்.

சாயங்காலம் காவலாளி கதவைச் சாத்த வந்தார்.

“எல்லாரும் போயாச்சு, எழுந்திரும்மா.”

“என் தம்பி உள்ள இருக்கான்ணே.”

“உள்ள ஈ காக்கா இல்ல.”

“நான் கண்ணால பாத்தேனே, இந்த வழியாத்தான போனான்.”

“அப்ப வேற வழியா வந்திருப்பான். வீட்டுக்குப் போய்ப் பாரு.”

வேறு வழி அந்தக் கட்டடத்துக்கு இல்லை. மறுநாள் அவள் வரவேற்பு மேசையில் கேட்டாள். அந்தப் பேரில் யாருமே வரவில்லை என்றார்கள். அதற்கடுத்த நாளும் அதையே சொன்னார்கள், இன்னும் கொஞ்சம் சத்தமாக.

அன்று மாலை பின்சிங்கம் முதல்முறையாகப் பேசியது.

“உள்ளே போனவன் வெளியே வந்தானா?”

முன்சிங்கம் திடுக்கிட்டது. தன் முதுகிலிருந்தே யாரோ பேசியது போல இருந்தது. “யார் அது?”

“உன் பின்னால் இருப்பவன். உள்ளே போனவன் வெளியே வந்தானா?”

“எத்தனையோ பேர் போகிறார்கள், வருகிறார்கள். அதையெல்லாம் கவனிப்பது என் வேலையா?”

“கருவாட்டுச் சோறு ஆறட்டும் என்று சொன்னவன்.”

முன்சிங்கம் யோசித்துப் பார்த்தது. “போனதைப் பார்த்தேன்” என்றது. பிறகு, விருப்பமில்லாமல், “வந்ததைப் பார்க்கவில்லை” என்றது.

“இந்தச் சுவருக்குள் ஒருவன் கேட்கிறான்” என்றது பின்சிங்கம். “‘அக்கா வந்துடுச்சா?’ என்று கேட்கிறான். நடுவில் தண்ணீர் கேட்கிறான். மறுபடியும் அதையே கேட்கிறான்.”

மூன்று சிங்கங்களும் வாயடைத்து நின்றன. அவற்றின் வாய்கள் மட்டும், செதுக்கியபடி, அகலமாகத் திறந்தே இருந்தன.

சில நாட்கள் போயின. பூங்காவனம் தினமும் வந்தாள். தூக்குச்சட்டியும் தினமும் வந்தது. படியில் உட்காரக் கூடாது என்று துரத்தினால் கேட்டுக்கு வெளியே நின்றாள். ஒரு நாள் பின்சிங்கம் சொன்னது: “உள்ளே கரண்டியால் சாந்து பூசும் சத்தம் கேட்கிறது. செங்கல்லைத் தட்டிப் பொருத்துகிறார்கள். கதவு இருந்த இடத்தில்.”

“அப்படியென்றால் இனிமேல் சத்தம் இருக்காது” என்றது வலச்சிங்கம். அதன் குரலில் ஒரு நிம்மதி இருந்தது.

“இருக்கிறது.”

“என்ன?”

“‘அக்கா வந்துடுச்சா?’”

“அவன் இன்னும்...?”

“இல்லை. அவன் முன்பே நிறுத்திவிட்டான். அவன் நிறுத்திய பிறகுதான் கொத்தனார் வந்தார். இது சுவர் கேட்பது.”

அப்போது சுவர் பேசியது. ஈரமான, தட்டையான குரல். “என் மேல் வாயை வைத்துக் கேட்டான். வேறு யாரும் அந்த அறையில் இல்லை. என்னிடம் கேட்டதை யாரிடமாவது சேர்க்க வேண்டாமா? அக்கா வந்துடுச்சா?”

முன்சிங்கத்துக்கு முதல்முறையாகத் தன் காலடியில் இருந்த கல் சில்லென்று இருந்தது. “நாம் என்ன செய்ய முடியும்?” என்றது. “நாம் சின்னம். நமக்குக் குரல் இல்லை.”

கீழே இருந்து காளை கனைத்தது. “குதிரை ஓடுவது போலச் செதுக்கியிருக்கிறார்கள், ஓடியதில்லை. நான் நடப்பது போல நிற்கிறேன், ஓர் அடி வைத்ததில்லை. நீ கர்ஜிப்பது போல நிற்கிறாய். நம் மூவருக்கும் ஒரே நோய்தான் தம்பி.”

“பேசினால் நம்மை இறக்கிவிடுவார்கள்” என்றது முன்சிங்கம்.

அதற்கும் கீழே இருந்து பித்தளை எழுத்துகள் பேசின. அவை எப்போதும் சேர்ந்துதான் பேசும். “பார்த்தது நீங்கள். சொல்லிக்கொண்டு நிற்பது நாங்கள். நீங்கள் பார்த்ததை மறைத்தால் நாங்கள் சொல்வது பொய்யாகிறது. பொய்யாக எங்களால் ஒட்டிக்கொண்டிருக்க முடியாது.”

மறுநாள் காலை பெருக்க வந்தவர்கள் எழுத்துகளைத் தரையில் பார்த்தார்கள். போர்டிகோவுக்குக் கீழே சிதறிக் கிடந்தன. திருகாணி போட்டு மாட்டினார்கள். விழுந்தன. சிமெண்ட் வைத்துப் பதித்தார்கள். சிமெண்ட்டோடு விழுந்தன. மேலிடத்திலிருந்து பெரியவர் ஒருவர் பார்வையிட வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வரி இல்லாமல் சின்னம் முழுமையாகாது. எஞ்சினியர் ஏகாம்பர ஆசாரியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

ஆசாரி வந்தபோது பூங்காவனம் கேட்டருகே நின்றிருந்தாள். அவள் கைகூப்பிச் சின்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் நின்றார்.

“என்னம்மா, கோயிலாட்டம் கும்புடற?”

“அதுங்கதான் பாத்துச்சிங்கய்யா. என் தம்பி உள்ள போனத. மனுசங்க யாரும் பாக்கலயாம். அதான் அதுங்ககிட்ட கேக்கறேன்.”

ஆசாரி நேராக எஞ்சினியரிடம் போய், “எழுத்துல கொற இல்லீங்க. என்கிட்டதான் கொற. ஒண்ணுக்குக் கண்ணு தொறக்காம வுட்டுட்டேன். அதான் நிக்க மாட்டேங்குது” என்றார்.

“எதையாவது செய்யுங்க. ஆனா மதியத்துக்குள்ள முடிங்க” என்றார் எஞ்சினியர்.

ஆசாரி ஏணி வைத்து ஏறினார். சுவருக்கும் சிங்கத்துக்கும் நடுவில் ஆள் நுழைய முடியாது. பக்கவாட்டில் நின்று, இடது கையால் கண்ணாடியை அந்த இடுக்கில் சாய்வாக நீட்டினார். அதில் தெரிந்த முகத்தைப் பார்த்தபடி வலது கையால் உளியை வைத்தார். கல் வழக்கத்தைவிட மென்மையாக இருந்தது. உளி தானாக உள்ளே இறங்குவது போல இருந்தது.

முதல் கண் திறந்தது. இரண்டாவது கண் திறந்தது.

மற்ற மூன்றும் கண் திறந்தபோது தங்களைப் பார்த்தன. பின்சிங்கம் தன்னைப் பார்க்கவில்லை. இத்தனை நாளாகக் காதால் கேட்டதை அது முதல் பார்வையில் பார்த்தது. அது பார்த்தது கண்ணாடியில் விழுந்தது. சின்ன அறை. ஜன்னல் இல்லை. சுவரில் வாயை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் ஒருவன்.

ஆசாரி கண்ணாடியைச் சட்டென்று வெளியே இழுத்துவிட்டார். வெயிலில் வந்த பிறகும் அது வானத்தைக் காட்டவில்லை, ஆசாரியைக் காட்டவில்லை. அந்த அறையையே காட்டியது. அவர் அதை இரண்டு கையாலும் பிடித்து, வாசலைப் பார்த்துத் திருப்பினார்.

முற்றத்தில் மனு கொடுக்க வந்தவர்கள் இருந்தார்கள். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

“மாசிலாமணி!” என்றாள் பூங்காவனம். தூக்குச்சட்டி கீழே விழுந்து உருண்டது.

எஞ்சினியர் ஏணியடிக்கு ஓடி வந்தார். “அது வெறும் கண்ணாடி. வெயில்ல அப்படித் தெரியும். ஆசாரியாரே, அத மூடுங்க! அந்தக் கண்ண சிமெண்ட் வெச்சு மூடிட்டு எறங்குங்க!”

“எனக்குத் தொறக்கத்தானுங்க கத்துக்குடுத்தாங்க” என்றார் ஆசாரி. கண்ணாடியை அவர் இறக்கவில்லை.

யாரும் கூட்டத்துக்குக் கட்டளை இடவில்லை. அவர்களாகவே படியேறினார்கள். பூங்காவனம் முன்னால் போனாள். காவலாளி தடுக்கக் கையைத் தூக்கினார். பிறகு, என்ன நினைத்தாரோ, அதே கையால் கடப்பாரை இருக்கும் இடத்தைக் காட்டினார்.

மேலே சிங்கங்கள் காத்திருந்தன. உள்ளே செங்கல் உடைந்து விழும் சத்தம் கேட்டது. அதன் பிறகு சுவர் பேசவில்லை. அது கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு உரியவள் வந்துவிட்டாள்.

பின்சிங்கத்துக்கு இப்போது கண் இருந்தது. ஆனாலும் வாசல் அதற்குத் தெரியாது. அதனால் பழையபடி கேட்டது.

“உள்ளே போனவன் வெளியே வந்தானா?”

முன்சிங்கம் கீழே பார்த்தது. தன்னை யாராவது பார்க்கிறார்களா என்று அது பார்க்கவில்லை.

“வந்தான்” என்றது.

“நடந்தா?”

முன்சிங்கத்தின் வாய் எப்போதும் போலத் திறந்திருந்தது.

“நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.”

அந்தப் பெண் இந்த இடத்தில் நிறுத்திவிட்டாள். தேர்வு மையத்தின் கதவைத் திறந்துவிட்டார்கள். எழுத்துகள் அதன் பிறகு நின்றனவா, அந்தச் சின்னம் இப்போதும் அங்கே இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

கதையில் வந்த அலுவலகம் எங்காவது இருந்ததா என்று என்னால் சரிபார்க்க முடியவில்லை. சிங்கங்களைப் பற்றி மட்டும் பிறகு சரிபார்த்தேன். சாரநாத்தில் கிடைத்த அசோகர் காலத் தூணின் தலைப்பகுதியில் நான்கு சிங்கங்கள் இருக்கின்றன. அதைப் பார்த்து, 1950 ஜனவரி 26 அன்று ஏற்றுக்கொண்ட நம் அரசுச் சின்னத்தில் மூன்றுதான் தெரிகின்றன. நான்காவது இல்லை என்று அரசின் குறிப்பு சொல்லவில்லை. பார்வைக்கு மறைந்திருக்கிறது என்றுதான் சொல்கிறது.