முதுகில் கட்டிய பிள்ளை

"ஆசானே, ஜெயித்துவிட்டேன்!"

மலையடிவாரத்துக் குடிலுக்குள் மூச்சிரைக்க ஓடிவந்தாள் நாச்சி. ஒரு செருப்பு வழியிலேயே கழன்றுபோயிருந்தது. அவள் கவனிக்கவில்லை.

ஆசான் வெண்காடர் சாமையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். எதிரே மலைக்குடியைச் சேர்ந்த மாதி, கைக்குழந்தையோடு காத்திருந்தாள். மலைக்குடிகள் புல்லுக்குத் தீ வைத்துக் காட்டை அழிக்கிறார்கள், அமாவாசைக்குள் மலையை விட்டு இறங்க வேண்டும் என்று அரசர் பறை அறைவித்திருந்தார். அவரோடு வாதாடத்தான் நாச்சி போயிருந்தாள்.

"அமைச்சர் வாயே திறக்கவில்லை ஆசானே! கோடைக்கு முன்னால் கொஞ்சம் கொஞ்சமாக எரித்தால்தான் மானுக்கு இளம்புல் துளிர்க்கும், எரிக்காமல் விட்டால் காய்ந்த புல் மண்டி ஒரே பொறியில் மலையே போய்விடும் என்று பிளந்து கட்டினேன். அரசரே ஒப்புக்கொண்டார்!"

"அப்போ நாங்க இங்கயே இருக்கலாமா தாயி?" என்றாள் மாதி.

நாச்சியின் குரல் இறங்கியது. "இனிமேல் காவலர்களே தீ வைப்பார்களாம். முறையை மட்டும் கேட்டார்கள். சொல்லிவிட்டேன். காடு பிழைத்ததா இல்லையா? அடுத்து உங்களுக்காகவும் போய் வாதாடி..."

"நல்ல கூத்து! சோத்தை வாங்கி வச்சுக்கிட்டு ஆக்கினவளைத் துரத்தின கதையால்ல இருக்கு" என்றாள் மாதி.

ஆசான் நிமிராமல் கேட்டார். "முறை முழுவதையுமா சொன்னாய்?"

"எந்தப் புல், எந்தச் சரிவு, எந்தப் பருவம். ஒன்றும் விடவில்லை."

"தீயை யார் வைப்பது?"

"அதுவா?" நாச்சி சிரித்தாள். "கைக்குழந்தைக்காரிதான் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு முதல் தீ வைக்க வேண்டுமாம். சபையில் சொன்னால் சிரிக்க மாட்டார்களா? வெறும் சடங்கு ஆசானே."

ஆசான் எழுந்தார். அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை உருவி அவள் கையில் கொடுத்தார். முற்றத்து ஓரத்தில் காய்ந்த புல் குவிந்து கிடந்தது.

"கொளுத்து."

நாச்சி துள்ளிக்கொண்டு போய்க் குனிந்தாள்.

"இரு."

ஆசான் மாதியைப் பார்த்தார். மாதிக்குப் புரிந்துவிட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் நாச்சியின் முதுகில் துணியால் இறுக்கிக் கட்டினாள். "நெளியாதே தாயி, கடிக்க மாட்டான்."

பிள்ளை நாச்சியின் சடையைப் பிடித்து இழுத்தது. அதன் மூச்சு அவள் கழுத்தில் பட்டது.

"இப்போது கொளுத்து."

நாச்சி குனியவில்லை. மர உச்சியில் இலைகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பார்த்தாள். குடிலின் கூரையைப் பார்த்தாள். காலடிச் சருகைத் தள்ளிவிட்டாள். கொள்ளியைப் பிள்ளைக்கு எட்டாமல் தூர நீட்டிப் பிடித்தாள்.

"தண்ணீர்க் குடம் எங்கே? காற்று ஏறுகிறது ஆசானே. இன்றைக்கு வேண்டாம்."

"வெறும் சடங்குதானே, வையேன்!" என்றாள் மாதி.

நாச்சிக்குச் சுருக்கென்றது. கொள்ளியை மண்ணில் குத்தி அணைத்தாள். மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பையும் உதறி எறிந்தாள்.

"மாதி, கிளம்பு. இப்போதே போவோம். நான் பேசப் போவதில்லை, நீயே பேசு." வாசல்வரை போனவள் திரும்பினாள். "ஆசானே, அரசர் அதற்கும் மசியவில்லை என்றால் என்ன வாதம் வைப்பது?"

ஆசான் மறுபடி சாமையின் முன் உட்கார்ந்துவிட்டிருந்தார்.

"வாதம் எதற்கு? கொள்ளியை அரசர் கையில் கொடு. தொட்டிலில் கிடக்கும் இளவரசரை அவர் முதுகில் கட்டு."