தலைமேல் ராஜாவின் பாதம்

வெகு காலத்துக்கு முன்னே, செம்பாறை நாட்டை மகுடேந்திரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒன்று சொல்வான், மாலையில் வேறொன்று சொல்வான். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மாறவே மாட்டான். அவன் எதிரில் யாரும் தலையை மூடிக்கொண்டு நிற்கக் கூடாது. மழைக்குத் துண்டு போட்டிருந்தவனுக்கும் சவுக்கடிதான் கிடைத்தது. ராஜாவே அப்படி என்றால் அதிகாரிகளைக் கேட்கவா வேண்டும்? அவர்களுக்கும் அதே மரியாதை வேண்டியிருந்தது.

அந்த ராஜாவுக்கு மேகத்தை முட்டுகிற மாதிரி ஒரு கோட்டை கட்ட ஆசை வந்தது. மலையடிவாரத்துப் பாறைக்குழியில் முந்நூறு பேர் கல் உடைத்தார்கள். மேலே ஒரு கல் உருண்டால் கீழே ஒரு மண்டை பிளக்கும். அமைச்சர் ஆதிமூலத்துக்கு அதைப் பார்த்துப் பார்த்து மனசு விட்டுப்போயிற்று. பனைநாரில் பின்னி, உள்ளே இலவம்பஞ்சு திணித்து, மேலே எருமைத்தோல் தைத்து, ஆளுக்கொரு தலைக்காப்பு கொடுத்தார். திங்கட்கிழமைதோறும் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார்.

"எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள். வேலை முடிகிறவரை கழற்றக் கூடாது. புரிந்ததா?"

"ஆகட்டும் சாமி!" முந்நூறு தலைக்காப்பும் ஒன்றாக ஆடும்.

மத்தியானம் போய் எட்டிப் பார்ப்பார். முந்நூறு தலையும் வெறுந்தலை. தலைக்காப்பெல்லாம் இடுப்பில் தொங்கும்.

"காலையில் என்னய்யா சொன்னேன்?"

"போட்டுக்கிறோம் சாமி" என்று தரையைப் பார்ப்பார்கள். மறுநாளும் அதே கதை. அமைச்சருக்குச் சோறு இறங்கவில்லை. கெஞ்சினார், அதட்டினார், ஒருநாள் அழுதே விட்டார்.

பாறைக்குழியின் மேற்பார்வையாளர் வச்சிரநாதருக்கு அமைச்சர் நாற்காலிமேல் நெடுநாளாக ஒரு கண். அவர் சபையில் எழுந்தார்.

"மகாராஜா! எருமைகள் எல்லாம் தோலுக்காக அழுகின்றன. நம் அமைச்சரோ அந்தத் தோலில் கூலியாட்களுக்கு இடுப்பு நகை செய்து போட்டிருக்கிறார்!"

சபை சிரித்தது. ராஜாவும் சிரித்தான். சிரிப்பு அடங்கியதும் அவன் முகம் மாறியது.

"ஓய் ஆதிமூலம்! அமாவாசையன்று நானே வருகிறேன். ஒரு வெறுந்தலை கண்ணில் பட்டாலும் தலைக்காப்பெல்லாம் அடுப்புக்குப் போகும். நீர் கல் விழும் இடத்தில் வெறுந்தலையோடு பகல் முழுக்க நிற்பீர். எல்லோரும் போட்டிருந்தால் நீர் கேட்டது கிடைக்கும்."

அமைச்சர் திங்கள் கூட்டத்தைத் தினக் கூட்டமாக்கினார். "ஆகட்டும் சாமி" மட்டும் பெரிதாகக் கேட்டது. அமாவாசைக்கு மூன்று நாள் இருக்கும்போது சடையன் என்கிற கல்லுடைப்பவன் தலையில் கல் விழுந்து செத்துப்போனான்.

அவன் பெண்டாட்டி பூவாயி அமைச்சர் வாசலில் வந்து நின்றாள். கையில் அவனுடைய தலைக்காப்பு.

"பாருங்க சாமி. ஒரு கீறல் இல்ல. புதுசு மாதிரி இருக்கு. வேற யாருக்காவது குடுங்க."

"அம்மா, போடச் சொல்லி எத்தனை தடவை..."

"போட்டிருந்தாரே! மேற்பார்வையாளர் அந்தப் பக்கம் வந்தாரு. பெரியவங்க வந்தா தலையில இருக்கறத எடுத்து இடுப்புல கட்டணும்ல? எடுத்தாரு. அவரு அந்தாண்ட போறதுக்குள்ள கல்லு வந்துருச்சு. ஒரு நாளைக்கு நூறு தடவை வர்றாரு. எத்தனை தடவைதான் கழட்டி மாட்டுவாங்க?"

அமைச்சர் அந்தத் தலைக்காப்பையே பார்த்தார். "நான் மத்தியானம் வரும்போது..."

"உங்களைப் பார்த்துத்தான் கழட்டினாங்க. கூட்டத்துல நீங்களே போடச் சொல்வீங்க, போட்டாங்க. மத்த நேரம் மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் கவலைப்பட்டு ஓடிவந்த ஒவ்வொரு முறையும் முந்நூறு தலை திறந்திருக்கிறது. அமாவாசையன்று ராஜாவே வந்தால் யார் மூடிக்கொண்டு நிற்பார்கள்? சபையில் ராஜாவைக் கிளப்பிவிட்டபோது வச்சிரநாதர் போட்ட கணக்கு இதுதான்.

பூவாயி கண்ணைத் துடைத்தாள். "பெரியவங்க பாதத்தைத் தவிர எங்க தலையில எதுவும் ஏறக் கூடாதுன்னு பழக்கிட்டாங்க சாமி."

அமைச்சர் நிமிர்ந்தார். "என்ன சொன்னாய் அம்மா? இன்னொரு தடவை சொல்."

அமாவாசைக்கு முன் முந்நூறு தலைக்காப்பிலும் செங்காவியில் ஒரு பாத அச்சு பதிந்திருந்தது.

ராஜா வந்தான். ஒருவரும் கழற்றவில்லை.

"எடுங்கடா தலையிலிருந்து! மகாராஜா வருவது தெரியவில்லையா?" என்று கத்தினார் வச்சிரநாதர். ராஜாவின் கண் சிவந்தது.

முன்னால் நின்ற கொம்பையன் கைகூப்பினான். "எடுத்துடறோம் மகாராஜா. எங்க வைக்கிறதுன்னு மட்டும் உத்தரவாகணும். இடுப்புல கட்டவா, மண்ணுல போடவா? இதுல இருக்கறது உங்க பாதமாச்சே!"

ராஜா குனிந்து பார்த்தான். முகம் மலர்ந்தது. "அடடே! என் பாதமேதான். அச்சு அசல்! யாரும் கழற்றக் கூடாது. எமனே வந்தாலும் கழற்றக் கூடாது! கேளும் ஆதிமூலம், என்ன வேண்டும்?"

"ஒன்றுமில்லை மகாராஜா. இத்தனை தலையிலும் தங்கள் பாதம் இருக்கிறது. குழியில் வேலையாய் இருப்பவர்களில் ஒரே ஒரு தலையில்தான் காணோம்."

ராஜா மெல்லத் திரும்பினான். "ஏன் வச்சிரநாதரே? என் பாதம் உமக்குக் கனக்கிறதோ?"

வச்சிரநாதர் பக்கத்திலிருந்தவனின் தலைக்காப்பைப் பிடுங்கப் பார்த்தார். அவன் கொடுக்கவில்லை. கூட்டத்தோடு வந்து நின்ற பூவாயிதான் கையிலிருந்த சடையனின் தலைக்காப்பை நீட்டினாள். கீறல் இல்லாத அந்தத் தலைக்காப்பு அவர் காதுவரை இறங்கியது. அன்றுமுதல் தினமும் அதைப் போட்டுக்கொண்டு கூலியாட்களோடு குழிக்குள் நடக்கும்படி ராஜா உத்தரவு போட்டான். கூலியாட்கள் எல்லோரும் சிரித்தார்கள். பூவாயி சிரிக்கவில்லை.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சர் கழுத்தில் போட்டுவிட்டுப் போனான். அது அவருக்குக் கல்லாய்க் கனத்தது. ஒரு மனுஷன் மண்டை உடையாமல் இருக்க ராஜாவின் கால் தேவைப்படுகிறதே என்று அவருக்கு அழுகை முட்டியது.

"ஜெயிச்சிட்டீங்க சாமி" என்றாள் பூவாயி.

"நானா அம்மா?"

அவள் மடியை அவிழ்த்தாள். செங்காவி ஊறிய ஒற்றைச் செருப்பு. சடையனுடையது. அதை வைத்துத்தான் முந்நூறு அச்சையும் அவள் பதித்திருந்தாள்.

"திங்கட்கிழமை வர்றேன். மழையில காவி கரைஞ்சிரும், மறுபடி பதிக்கணும்" என்றாள். செருப்பைத் திரும்ப மடியில் கட்டிக்கொண்டு நடந்தாள்.

செம்பாறை நாட்டுக் கோட்டை எழும்பி முடிகிறவரைக்கும் ராஜா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தன் பாதத்தைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தான்.