பிரசவ வார்டுக்கு வெளியே ஒரு சிலை

சிற்பி குமுதவல்லி அதுவரை செய்திருந்த சிலைகளையெல்லாம் ஒரே வருடத்தில் கொடுத்துத் தீர்த்தார். நூலகத்துக்கு மூன்று, பேருந்து நிலையத்துக்கு ஒன்று, பள்ளிக்கூடங்களுக்குச் சில. காலை மடக்கி உட்கார்ந்திருக்கும் கருங்கல் பெண்ணை மட்டும் பெரியாஸ்பத்திரிக்குக் கொடுத்தார். பிரசவ வார்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் அதை வைத்தார்கள்.

அவருடைய மாணவர் இருதயராஜ். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். மனைவி இறந்த வருடம் ஒரு கண்காட்சியில் அந்தக் கருங்கல் பெண்ணின் முன்னால் வெகுநேரம் நின்றார். மறுநாளே குமுதவல்லியின் பட்டறைக்கு வந்து உளி பிடித்தார்.

சிலையை அங்கே வைத்து ஆறு மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போன இருதயராஜ் முகம் வாடித் திரும்பினார்.

"தோள்ல ஈரத்துண்டு காயுதும்மா. கன்னத்துல யாரோ சுண்ணாம்பைத் தடவியிருக்காங்க. மடியில சோத்துப் பாத்திரம்."

"ம்."

"உங்களுக்குக் கோபமே வரலியா?"

குமுதவல்லி வேலையிலிருந்த கல்லின் மேல் தண்ணீர் ஊற்றினார்.

இருதயராஜுக்கு மனசு ஆறவில்லை. சிலையை எடுத்துக்கொள்ளச் சொல்லி ஓர் அருங்காட்சியகத்துக்கு எழுதிப் போட்டார். தனிக் கூடம், விளக்கு, காவல் எல்லாம் தருவதாகப் பதில் வந்தது. ஆஸ்பத்திரியும் சம்மதித்தது. சிற்பியின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"ஒரு தடவை பார்த்துட்டுப் போடுறேன் சார்" என்றார் குமுதவல்லி.

இருவரும் போனபோது மத்தியானம். ஒரு பெண் சிலையின் மடியில் தூக்குவாளியை வைத்து, அதை ஒரு கையால் பிடித்தபடியே வார்டுக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள யாரும்மா?" என்று கேட்டார் குமுதவல்லி.

"தங்கச்சி. நேத்துலேர்ந்து வலி."

"வாளியை ஏன் பிடிச்சுக்கிட்டே நிக்கிறீங்க?"

"கீழ வச்சா நாய் வாய் வச்சிடுதுக்கா. இந்த மடிதான் பத்திரம். ஆனா சரிவா இருக்கு. காலையில கொண்டாந்த கஞ்சி முழுக்கக் கொட்டிப்போச்சு. அவ வெறும் வயித்தோட கிடக்கா."

குமுதவல்லி சிலையின் மடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு வாளியை வாங்கிக்கொண்டார்.

"நான் பிடிச்சுக்கிறேன். நீங்க போய் விசாரிச்சுட்டு வாங்க."

அந்தப் பெண் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆனது. பெண் குழந்தை என்று சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். அதுவரை குமுதவல்லி வாளியோடு அங்கேயே நின்றிருந்தார். இருதயராஜ், கையெழுத்து வாங்கக் கொண்டுவந்த காகிதத்தைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் அனுமதி கேட்டு வாங்கி, குமுதவல்லி சிலையின் முன் உட்கார்ந்தார். உளியை எடுத்து, அதன் மடியில் செதுக்கியிருந்த சேலை மடிப்பின் மேல் வைத்தார்.

இருதயராஜ் சட்டென்று அவர் கையைப் பிடித்துவிட்டார்.

"அம்மா, இந்த மடிப்புக்கு மட்டும் எட்டு மாசம் ஆச்சுன்னு சொல்லியிருக்கீங்க."

"ஆமா சார்."

"இதைப் பார்த்துத்தான் நான் உங்ககிட்ட வந்தேன்."

"தெரியும்."

இருதயராஜ் கையை எடுத்துக்கொண்டார். உளி இறங்கியது.

வெயில் ஏறுவதற்குள் சேலை மடிப்புகளில் பாதி போய்விட்டன. குமுதவல்லி ஒரு வாளியில் தளும்பத் தளும்பத் தண்ணீர் பிடித்துவந்து அந்த மடியில் வைத்தார். ஒரு சொட்டும் சிந்தாமல் நின்றது.

இருதயராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்கு ஒருத்தர் வந்து, தோள் உசரமா இருக்கு, துண்டு போட எட்டலைம்பார். அதுக்கு அப்புறம் இன்னொருத்தர். வர்றவங்களுக்கெல்லாம் செதுக்கிக்கிட்டே போனா, கடைசியில இதுல என்னம்மா மிஞ்சும்?"

குமுதவல்லி கல்தூளைக் கையால் வழித்துத் தள்ளினார்.

"மடி மிஞ்சும் சார்."