நாற்பத்தோரு சொந்தக் காரணங்கள்

"எனக்கு என்னங்க மேடம் குறைச்சல்?"

கேட்டுக்கொண்டேதான் தங்கவடிவேல் உள்ளே வந்தார். வந்த வேகத்தில் கைபேசியைக்கூடத் தன் மேசையிலேயே விட்டுவிட்டார்.

கோவைப் பக்கம் ஒரு பம்பு கம்பெனி. அதில் பதினாறு வருஷமாக மனிதவள மேலாளர். தொழிலாளர் சட்டத்தைத் தலைகீழாக ஒப்பிப்பார்.

துறைத் தலைவர் யசோதரா அடுத்த மாதம் புனே போகிறார். அந்த நாற்காலிக்கு யார் என்று முதலாளி கேட்டு மூன்று வாரமாகிறது. அந்தம்மா இன்னும் வாயைத் திறக்கவில்லை.

அந்தம்மா எட்டு வயசு சின்னவர். ஆனாலும் அவரிடம்தான் தொழில் கற்றேன் என்று தங்கவடிவேல் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர். வலிக்காமல் என்ன செய்யும்?

ராஜினாமாக் கடிதத்தை மேசையில் வைத்தார்.

யசோதரா படித்தார். 'சொந்தக் காரணங்களுக்காகப் பணியிலிருந்து விலகுகிறேன்.' ஒரே வரி.

பேனாவை எடுத்து, கீழே 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

தங்கவடிவேலுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பதினாறு வருஷங்க மேடம். ஏன் போறேன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?"

யசோதரா எழுந்து பீரோவைத் திறந்தார். ஒரு ஃபைலை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

போன வருஷம் வேலையை விட்டுப் போனவர்களின் கடிதங்கள். மொத்தம் நாற்பத்தொன்று.

தங்கவடிவேல் புரட்டினார். சொந்தக் காரணங்களுக்காக. சொந்தக் காரணங்களுக்காக. எல்லாவற்றின் கீழேயும் 'ஏற்றுக்கொள்ளப்பட்டது'. எல்லாம் தங்கவடிவேலின் கையெழுத்து.

ஒரு கடிதத்தில் கை நின்றது. மருதாசலம். பன்னிரண்டு வருஷம் லேத் மெஷின் ஓட்டினவர். கடிதத்தைக் கொடுத்துவிட்டு அந்த மனுஷர் நகராமல் நின்றது ஞாபகம் வந்தது. வேலை கிடக்கும்போது இவர் ஏன் இன்னும் நிற்கிறார் என்று அன்றைக்கு எரிச்சல்பட்டதும் ஞாபகம் வந்தது.

ரொம்ப வெட்கமாக இருந்தது.

"இதுல இவரோட நம்பர் இருக்குதுங்க," என்றார் மெதுவாக.

தொலைபேசி யசோதராவின் பக்கம் இருந்தது. அவர் ஒதுங்கி வழிவிட்டார். தங்கவடிவேல் சுற்றிக்கொண்டு போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எண்ணை அழுத்தினார்.

"வணக்கங்க மருதாசலம், தங்கவடிவேல் பேசறேன். அன்னைக்கு உங்ககிட்ட ஒண்ணு கேக்காம விட்டுட்டேனுங்க."

அந்தப் பக்கம் மருதாசலம் நெடுநேரம் பேசினார். இவர் உம் கொட்டினார். ஓரிடத்தில் சிரித்தார். வைத்துவிட்டு அடுத்த கடிதத்தைப் புரட்டினார்.

டீ வந்தது. யசோதரா டம்ளரை ராஜினாமாக் கடிதத்தின் மேலேயே வைத்தார். தங்கவடிவேல் அதைப் பார்க்கக்கூட இல்லை. மூன்றாவது ஆளுக்கு மணி அடித்துக்கொண்டிருந்தது.

யசோதரா கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, முதலாளி அறைப் பக்கம் நடந்தார்.